“சுகர் பார்த்தியா?”

பள்ளியிலிருந்து வந்த மகள் தோளிலிருந்து பையை இறக்குவதற்குள் கேள்வி வந்துவிடுகிறது: “சுகர் பார்த்தியா? எவ்வளவு?” தினமும் இன்சுலின் போட்டாக வேண்டிய முதல் வகை (டைப் 1) நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு இது தினசரிப் பாட்டு. அம்மா அக்கறையில்தான் கேட்கிறார். மகளுக்கு அது விசாரணை. அளவு கூடியிருந்தால் திட்டு விழும் என்பதால் அடுத்த முறை அவள் குறைத்துச் சொல்கிறாள், இல்லை பார்க்காமலே விட்டுவிடுகிறாள். குட்டு வெளிப்பட்டதும் அம்மாவின் கண்காணிப்பு கூடுகிறது. அவளும் இன்னும் கொஞ்சம் மறைக்கிறாள். இந்தச் சுழலை 1991-ல் உளவியலாளர்கள் பார்பரா ஆண்டர்சனும் ஜேம்ஸ் கோய்னும் ‘தடம்புரண்ட உதவி’ என்ற பொருளில் விளக்கினார்கள்.

அதற்கு முன்பு ஆய்வாளர்கள் குடும்பத்தையே கூண்டில் ஏற்றியிருந்தார்கள். மிதமிஞ்சிப் பொத்திக் காப்பது, சண்டையைப் பேசித் தீர்க்காமல் மூடி மறைப்பது போன்ற போக்குகள் சில பிள்ளைகளின் நீரிழிவையும் ஆஸ்துமாவையும் மோசமாக்குகின்றன என்று 1970களில் குடும்பச் சிகிச்சையாளர் சால்வடோர் மினுச்சின் வாதிட்டார். பெற்றோர் வாக்குவாதம் செய்வதைப் பார்க்கும் பிள்ளையின் ரத்தத்தில், மனப் பதற்றத்தின் அடையாளமான கொழுப்பு அமிலம் எப்படி மாறுகிறது என்றுகூட அளந்தார். சுவாரசியமான சோதனைதான். ஆனால் அவர் பார்த்தது நோய் வந்த பிறகான குடும்பத்தை. நடு ராத்திரியில் எழுந்து சர்க்கரை பார்க்க வேண்டிய பெற்றோர் பொத்திக் காக்காமல் வேறு என்ன செய்வார்கள்?

யாரைக் கேட்கிறோம் என்பதும் விடையை மாற்றும். நோயுள்ள பிள்ளைகளின் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலும் கேள்வித்தாளை நிரப்புவது அம்மாதான், அப்பாக்கள் குறைவு. நோயுள்ள பிள்ளைகளின் உடன்பிறப்புகளைப் பற்றிய 51 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2002-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் அவர்களுக்கும் பாதிப்பு இருந்தது, ஆனால் பெரிதாக இல்லை. பெற்றோர் சொன்ன பாதிப்பைவிட அந்த உடன்பிறப்புகளே சொன்னது குறைவு. பெற்றோர் கூட்டிச் சொன்னார்களா, ‘அம்மாவுக்கு இருக்கிற பாடு போதும்’ என்று பிள்ளைகள் விழுங்கிக்கொண்டார்களா? எனக்கு இரண்டாவதன்மேல்தான் சந்தேகம்.

சரி, அம்மா கேட்பதை நிறுத்திவிட்டால்? அதுவும் சரிவருவதில்லை. இன்சுலின் பொறுப்பை முழுக்கப் பதின்வயதினர் தலையில் சீக்கிரமே கட்டிவிட்ட வீடுகளில் சர்க்கரைக் கட்டுப்பாடு மோசமாவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆண்டர்சன் குழு 1999-ல் வெளியிட்ட சோதனையில் பெற்றோரும் பிள்ளையும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளப் பழக்கினார்கள். பெற்றோர் விலகவில்லை, சண்டையும் கூடவில்லை.