அதே வகுப்பில் இன்னொரு வருடமா?

ஆண்டு முடியும் நேரத்தில் ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "இந்தக் குழந்தையை மேலே அனுப்பலாமா, இதே வகுப்பில் வைத்துவிடலாமா?"

நான் பள்ளி உளவியலாளர். வகுப்பாசிரியர், தலைமை ஆசிரியர், பெற்றோர் எல்லோரும் உட்கார்ந்து பேசும் கூட்டங்களில் நானும் இருப்பேன். மதிப்பெண், வாசிப்பு, வருகைப் பதிவு, வயது என்று பலதும் அலசப்படும். குழந்தையை அதே வகுப்பில் வைக்கலாமா என்று பார்க்க லைட் என்ற உளவியலாளர் உருவாக்கிய அளவுகோலில் இப்படி 19 அம்சங்கள் உண்டு. குழந்தையின் உடல் அளவுகூட அதில் ஒன்று. பேச்சைத் தொடங்க அது உதவும். அதன் கூட்டுத்தொகையை வைத்து முடிவெடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

குழந்தை ஏன் பின்தங்கியது என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு "முதிர்ச்சி போதவில்லை" என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். படத்தைக் காட்டினால் கதையை அவ்வளவு அழகாகச் சொன்னாள். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னதும் கண் கலங்கிவிட்டது. பரிசோதித்ததில் டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு. ஒரு வருடம் பலிக்காத அதே முறையில் இன்னொரு வருடம் உட்கார வைத்து என்ன பயன்? மூன்றாம் வகுப்புக்கு அனுப்பி, தினமும் தனியாக ஒலி-எழுத்துப் பயிற்சி கொடுத்தோம். ஆண்டு முடிவில், மெதுவாகத்தான் என்றாலும், தானே வாசித்தாள்.

கண்ணும் காதும்கூடப் பரிசோதிக்காமல் "இதே வகுப்பில் நிறுத்திவிடலாம்" என்று வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

1990களில் வெளியான 20 ஆய்வுகளை அமெரிக்க உளவியலாளர் ஷேன் ஜிமர்சன் 2001இல் தொகுத்துப் பார்த்தார். அதே நிலையில் இருந்தும் மேலே அனுப்பப்பட்ட குழந்தைகளைவிட, நிறுத்தப்பட்டவர்கள் மொத்தத்தில் படிப்பில் முந்தவில்லை. 2005இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாவற்றையும்விட அதிக மன அழுத்தம் தருவதாகச் சொன்னது அதே வகுப்பில் நிறுத்தப்படுவதைத்தான். பெற்றோரை இழப்பதுகூட அதற்கு அடுத்துதான் வந்தது.

நீண்ட நாள் நோயால் பல மாதப் பாடம் விடுபட்ட குழந்தைக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கிடைப்பது சில சமயம் நல்லதுதான். சரி, மேலே அனுப்பினால் போதுமா என்றால், உதவி எதுவும் இல்லாமல் அனுப்புவதும் கைவிடுவதுதான்.

பள்ளியின் முடிவுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னால், பெற்றோரே, எழுத்தில் திட்டம் கேளுங்கள்: அடுத்த வருடம் என்ன மாறும், யார் கற்பிப்பார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எப்போது மறுபடி பார்ப்பார்கள். அப்புறம், முடிவு எதுவானாலும், வகுப்புத் தோழர்கள் வழியாகத் தெரியவருவதற்கு முன்பே குழந்தையிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள்.