கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐகான் எங்கே போச்சு?

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் டிடிபி கடை வைத்திருக்கிறார். சித்திரை பிறந்துவிட்டால் அவருக்குத் தூக்கம் கிடையாது, சுற்றுவட்டாரத்துச் சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் அடித்தாக வேண்டும். போன வருஷம் அப்படி ஒரு நாள் காலையில் அவரிடமிருந்து போன். "தம்பி, தமிழ் அடிக்கிற ஐகானைக் காங்கல. ராத்திரி கடை சாத்தும்போது இருந்துச்சு. ரெண்டு தடவை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன், வரவே மாட்டேங்கு."

நேரில் போய்ப் பார்த்தால் ஐகான் அங்கேயேதான் இருந்தது. திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்கு இந்தப் பக்கம், மேலே பார்த்தபடி ஒரு சின்ன அம்புக்குறி இருக்குமே, அதை அமுக்கினால் திறக்கிற குட்டிப் பெட்டிக்குள் இருந்தது. அதைப் பிடித்து இழுத்துக் கீழே டாஸ்க்பாரில், அதாவது திரையின் அடியில் ஓடுகிற பட்டையில் விட்டேன், வேலை முடிந்தது. ஆனால் அண்ணாச்சி விடவில்லை. "நான் ஒண்ணும் தொடலியே, அதுவா எப்படி உள்ள போச்சு?"

சரியான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துகொண்டால் டாஸ்க்பாரில் நடக்கிற பாதி மர்மம் விளங்கிவிடும்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் தெரிகிற ஐகான் அந்த மென்பொருளின் உறுப்பு இல்லை. மென்பொருள் அதை வரைவதும் இல்லை. டாஸ்க்பார் முழுவதும் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் என்கிற இன்னொரு புரோகிராமுக்குச் சொந்தம், நாம் ஃபோல்டர் திறந்து ஃபைல் பார்க்கிறோமே, அதே எக்ஸ்ப்ளோரர்தான். அண்ணாச்சி கடை பாஷையில் சொன்னால், டாஸ்க்பார் ஒரு சுவர், எக்ஸ்ப்ளோரர் சுவருக்குச் சொந்தக்காரர், ஐகான் அதில் ஒட்டுகிற நோட்டீஸ். தமிழ் தட்டச்சு மென்பொருளோ வைரஸ் தடுப்பு மென்பொருளோ திறந்தவுடன், 'ஷெல் நோட்டிஃபை ஐகான்' என்கிற ஒரு கட்டளை மூலமாகச் சுவர்க்காரரிடம் ஒரு விண்ணப்பம் கொடுக்கிறது. அதில் ஒட்ட வேண்டிய படம் இருக்கும், சாதாரணத் திரையில் 16-க்கு 16 புள்ளி, மொத்தமே 256 புள்ளிதான். மவுஸை மேலே வைத்தால் காட்ட வேண்டிய வாசகம் இருக்கும். அப்புறம் முக்கியமாக, யாராவது இதை கிளிக் செய்தால் அந்த மென்பொருளின் எந்த ஜன்னலுக்கு (விண்டோவுக்கு) தகவல் சொல்ல வேண்டும் என்கிற எண்ணும் இருக்கும், நோட்டீஸின் அடியில் போடுகிற போன் நம்பர் மாதிரி. சேர், மாற்று, நீக்கு என்று முக்கியமாக மூன்று விதமாக இந்த விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். பழைய விண்டோஸில் நெட்வொர்க் போனால் ஐகானில் சிவப்புப் பெருக்கல் குறி விழுமே, அதெல்லாம் 'மாற்று' விண்ணப்பம்.

சுவர் ஒருவருடையது, நோட்டீஸ் இன்னொருவருடையது என்பதால்தான் அந்த மூலையில் விநோதமான சங்கதிகள் நடக்கின்றன. ஒரு மென்பொருள் தொங்கிப்போய், நீங்கள் டாஸ்க் மேனேஜரில் போய் அதைக் கொன்றுவிட்டீர்கள் என்று வையுங்கள். 'நீக்கு' என்று சொல்ல அதற்கு நேரமே கிடைக்கவில்லை, ஆகவே ஐகான் ஒட்டியபடியே நிற்கும், கொடை முடிந்து மாசக்கணக்கான பிறகும் சுவரில் நிற்கிற நோட்டீஸ் போல. அதன் மேல் மவுஸைக் கொண்டுபோங்கள், சட்டென்று மறைந்துவிடும். மவுஸ் வந்த தகவலைச் சொல்ல எக்ஸ்ப்ளோரர் அந்த ஜன்னலைத் தேடுகிறது, அப்படி ஒரு ஜன்னலே இல்லை என்று தெரிந்ததும் ஐகானைக் கிழித்துப் போடுகிறது. மூன்று நான்கு செத்த ஐகான்கள் வரிசையாக நிற்கும்போது மவுஸை மெதுவாக அவற்றின் மேல் ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொன்றாக உதிரும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். எக்ஸ்ப்ளோரரே விழுந்துவிட்டால் டாஸ்க்பார் ஒரு விநாடி மறைந்து திரும்ப வரும். ஆனால் வந்தது புதுச் சுவர், பழைய நோட்டீஸ் ஒன்றுகூட அதில் கிடையாது. அப்போது எக்ஸ்ப்ளோரர் 'டாஸ்க்பார் கிரியேட்டட்' என்று ஓடிக்கொண்டிருக்கிற எல்லா ஜன்னல்களுக்கும் ஓர் அறிவிப்பைக் கொடுக்கும். கவனமாக எழுதப்பட்ட மென்பொருள் அதைக் கேட்டதும் தன் ஐகானைத் திரும்ப ஒட்டிவிடும், கேட்காத மென்பொருளின் ஐகான் அன்றைக்கு அவ்வளவுதான். மென்பொருள் உள்ளே நன்றாகத்தான் ஓடும், நமக்குத்தான் கைப்பிடி இருக்காது. அதை ஒரு தடவை மூடித் திறந்தால் சரியாகும்.

சரி, மறைப்பதற்கு வருவோம். இந்த மூலை 1995-ல் விண்டோஸ் 95-டன் வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆவணங்களில் இதற்குப் பெயர் நோட்டிஃபிகேஷன் ஏரியா. சிஸ்டம் ட்ரே என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, இப்போது விண்டோஸ் 11-ன் செட்டிங்ஸிலேயே அந்தப் பெயர் ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போவதற்கான இடமாகத்தான் இதை நினைத்தார்கள். ஆனால் பிரிண்டர்க்காரர், மோடம்காரர், பாட்டு கேட்கிற மென்பொருள்காரர் என்று ஆளுக்கு ஒரு ஐகானை நிரந்தரமாக ஒட்ட ஆரம்பித்ததும் டாஸ்க்பாரில் பாதி இடம் போய்விட்டது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, நீங்கள் தொடாமல் விட்டிருக்கும் ஐகானைத் தானே உள்ளே தள்ளிவிடும் வசதியைக் கொண்டுவந்தார்கள். 2009-ல் விண்டோஸ் 7 இன்னும் கறாராக இருந்தது. புதிதாக வருகிற ஐகான் எதுவானாலும் முதலில் அம்புக்குறிக்குள்தான் போகும். வெளியே கொண்டுவருகிற அதிகாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான், 'என்னை எப்போதும் வெளியே காட்டு' என்று மென்பொருள் கேட்பதற்கென்று ஒரு கட்டளையே வைக்கவில்லை. இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அப்படி ஒரு கட்டளை இருந்தால் ஒவ்வொரு கம்பெனியும் தன் ஐகானுக்காக அதைப் பயன்படுத்தியிருக்கும், கடைசியில் அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இப்போது அண்ணாச்சியின் கேள்வி. அவர் எப்போதோ ஒரு நாள் அந்த ஐகானை வெளியே இழுத்து வைத்திருந்தார். எக்ஸ்ப்ளோரர் அதை நினைவில் வைத்திருந்தது, ஆனால் எந்த அடையாளத்தை வைத்து? படத்தை வைத்தும் இல்லை, பெயரை வைத்தும் இல்லை. பெரும்பாலான ஐகான்களுக்கு அடையாளம், அந்த மென்பொருளின் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்கிற முழு விலாசமும், மென்பொருள் தன் ஐகானுக்குக் கொடுத்த ஓர் எண்ணும்தான். அன்று ராத்திரி அந்தத் தட்டச்சு மென்பொருள் தன்னைத் தானே அப்டேட் செய்துகொண்டு, புது வெர்ஷன் எண் போட்ட வேறொரு ஃபோல்டரில் குடியேறியிருக்கிறது. விலாசம் மாறினால் எக்ஸ்ப்ளோரருக்கு அது முன்பின் தெரியாத ஆள், தெரியாத ஆளுக்கு இடம் அம்புக்குறிக்குள். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் அதே புது விலாசத்தில்தான் போய் உட்காரும் என்பதால் அவர் இரண்டு தடவை பட்ட பாடு வீண். இதைத் தவிர்ப்பதற்காக, ஃபோல்டர் மாறினாலும் மாறாத ஒரு தனி அடையாள எண்ணை ஐகானுக்குக் கொடுக்கலாம் என்று விண்டோஸ் 7-லிருந்தே வசதி இருக்கிறது. ஆனால் அந்த வசதியைப் பயன்படுத்தாத மென்பொருள்கள் ஏராளம்.

இந்த நினைவுகளை விண்டோஸ் எங்கே எழுதி வைக்கிறது என்று தேடிப் போனால் ஒரு ருசியான விஷயம் கிடைக்கும். விண்டோஸ் 10 வரைக்கும் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் செட்டிங்ஸை எல்லாம் எழுதி வைக்கிற கிடங்கில், 'ட்ரே நோட்டிஃபை' என்கிற இடத்தில் 'ஐகான் ஸ்ட்ரீம்ஸ்' என்று ஒரு குறிப்பேடு உண்டு. அதற்குள் மென்பொருள்களின் விலாசங்கள் நேராக எழுதப்பட்டிருக்காது. ஒவ்வோர் ஆங்கில எழுத்தும் 13 இடம் தள்ளி எழுதப்பட்டிருக்கும், மென்பொருள் ஃபைலின் வாலில் வருகிற 'இ எக்ஸ் இ' அங்கே 'ஆர் கே ஆர்' என்று கிடக்கும். மொத்தம் 26 எழுத்து, 13 அதில் சரிபாதி, ஆகவே இன்னொரு தடவை 13 தள்ளினால் பழைய எழுத்தே வந்துவிடும். பூட்டு என்று இதைச் சொல்ல முடியாது, சாதாரணமாகத் தேடுகிற கண்ணில் படாமல் இருக்க மட்டும்தான் உதவும். விண்டோஸ் 11-ன் பிந்தைய வெர்ஷன்களில் இந்தச் சுற்று வேலை இல்லை, ஒவ்வோர் ஐகானுக்கும் தனிக் குறிப்பு, வெளியே காட்டு என்றால் அதில் 1 என்று இருக்கும், அவ்வளவுதான்.

நமக்கு ரெஜிஸ்ட்ரி வரை போக வேண்டியதில்லை. டாஸ்க்பாரில் வெறும் இடத்தில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸுக்குப் போங்கள். விண்டோஸ் 11 என்றால் 'அதர் சிஸ்டம் ட்ரே ஐகான்ஸ்', விண்டோஸ் 10 என்றால் 'செலக்ட் விச் ஐகான்ஸ் அப்பியர் ஆன் த டாஸ்க்பார்', அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் இருக்கும். இழுத்துப் போடுவது அதைவிடச் சுருக்கு. எல்லா ஐகானையும் எப்போதும் காட்டு என்று 10-ல் ஒரே சுவிட்ச் இருந்தது, 11-ன் செட்டிங்ஸில் அதைக் காணோம், ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். மவுஸ் வேலை செய்யவில்லையா, விண்டோஸ் பட்டனோடு பி-யை அமுக்கினால் நேரே அந்த மூலைக்குப் போய்விடலாம், அங்கிருந்து அம்பு பட்டன்களும் என்டரும் போதும்.

ஐகானை மறைத்தால் மென்பொருள் நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிற்காது. நோட்டீஸைச் சுவரின் பின்பக்கம் ஒட்டினால் கொடை நின்றுவிடுமா? உள்ளே அது அதே அளவு ரேமைப் பிடித்துக்கொண்டு அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்பதற்காக ஐகானை மறைப்பதால் ஒரு பயனும் இல்லை. மெய்யாகவே அது வேண்டாம் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பகுதியில் அதை டிசேபிள் செய்ய வேண்டும். வைரஸ் தடுப்பை மட்டும் அங்கே தொடாதீர்கள்.

அண்ணாச்சி கம்ப்யூட்டரில் அன்றைக்கு அந்த அம்புக்குறிக்குள் ஒன்பது ஐகான் இருந்தது. தமிழ் தட்டச்சையும் பென் டிரைவைக் கழற்றுகிற ஐகானையும் வெளியே எடுத்து வைத்தோம். மீதியை ஒவ்வொன்றாக அவரிடம் காட்டி, "இது என்னது, வேணுமா" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தாவது ஒரு பிரிண்டருடையது. அதை அவர் வெறித்துப் பார்த்தார். அந்தப் பிரிண்டரை மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே மேலப்பாளையத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டாராம்.