பாதி வேலையோடு 'கிட் புல்' அடித்தால் என்ன ஆகும்?

"பாதி எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் கமிட் செய்யவில்லை. இப்போது கிட் புல் அடித்தால் என் வேலை போய்விடுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போகாது. (கிட் என்பது பலர் சேர்ந்து எழுதும் நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி; அப்படி ஒரு பதிவுதான் கமிட்.)

புல் என்பது முதலில் ஃபெட்ச் (மற்றவர்களின் மாற்றங்களை இறக்கிக்கொள்வது), அப்புறம் மெர்ஜ் (அவற்றை உங்கள் கோப்புகளோடு கலப்பது). ஃபெட்ச் உங்கள் கோப்புகள் பக்கமே வராது. சிக்கல் மெர்ஜில்தான். நீங்கள் கைவைத்த அதே கோப்பைச் சக ஊழியரும் மாற்றியிருந்தால், உங்கள் மாற்றம் அழிந்துவிடும் என்று சொல்லி கிட் நின்றுவிடும். வேறு கோப்பு என்றால் சத்தமில்லாமல் முடித்துவிடும். மெர்ஜுக்குப் பதில் ரீபேஸ் (உங்கள் கமிட்களை மற்றவர்களுடையவற்றின் மேல் மறுபடி அடுக்குவது) என்றால் இன்னும் கறார். எந்தக் கோப்பில் கமிட் ஆகாத மாற்றம் இருந்தாலும் நகராது. இதே வேலைக்கான இன்னொரு கருவியான சப்வெர்ஷனில் அப்டேட் கொடுத்தால் அரைகுறை வேலையோடேயே கலந்துவிடும். கிட் மறுப்பதற்குக் காரணம், கமிட் ஆகாத வரி எங்கும் பதிவாகவில்லை என்பதுதான். கலப்பது சொதப்பினால் திரும்பிப் போக இடமில்லை.

அதற்குத்தான் ஸ்டாஷ்: அரைகுறை வேலையைத் தற்காலிகமாக எடுத்து வைத்துவிட்டு, புல் முடிந்தபின் திரும்ப எடுத்துக்கொள்வது. ஏதோ தனிப் பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் அதுவும் ஒரு கமிட்தான். எந்தக் கமிட்டின் மேல் நின்று வேலை செய்தீர்களோ, அதைத் தன் பெற்றோர்களில், அதாவது தனக்கு முந்தைய கமிட்களில், ஒன்றாகக் குறித்து வைத்துக்கொள்ளும். (புதிதாக உருவாக்கி இன்னும் ஆட் கட்டளையால் கிட்டில் சேர்க்காத கோப்புகளை அது எடுத்துக்கொள்ளாது, கவனம்.)

இந்தப் பெற்றோர் குறிப்புதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு கோப்பில் "காத்திருக்கும் நேரம்" என்று ஒரு வரி இருக்கிறது. உங்களிடம் 60, சக ஊழியரிடம் 30. எது புதியது? இரண்டை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. மூன்றாவதாக, இருவரும் எங்கிருந்து புறப்பட்டார்களோ அந்தப் பழைய பிரதியைக் கொண்டு வாருங்கள். அதில் 30 என்றால் மாற்றியவர் நீங்கள், ஆகவே 60. அதில் 60 என்றால் மாற்றியவர் அவர், ஆகவே 30. அதில் 45 என்றால் இருவருமே மாற்றியிருக்கிறீர்கள். அதுதான் கான்ஃப்ளிக்ட், மனிதர் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். மாற்றிய நேரத்தைக் கிட் பார்ப்பதில்லை, யார் மூத்தவர் என்று பார்ப்பதில்லை. அந்தப் பழைய பிரதி ஒன்றே நடுவர்.

ஸ்டாஷ் பாப் செய்வதும் (எடுத்து வைத்ததைத் திரும்பக் கொண்டு வருவதும்) இதே மும்முனை மெர்ஜ்தான். ஸ்டாஷின் பெற்றோர் கமிட் நடுவர். புல் செய்தபின் இருக்கும் கோப்பு ஒரு பக்கம், உங்கள் அரைகுறை வேலை மறுபக்கம்.

வரிகளை ஒப்பிட கிட் இயல்பாகப் பயன்படுத்துவது யூஜின் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட அல்காரிதம். கிட் பிறந்ததே 2005இல். "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்டு ஆராய்ச்சி நிதியை வெட்டுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

புல் அடிக்கும் முன் கோப்புறை முழுவதையும் வேறு பெயரில் நகல் எடுக்கும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் எடுத்தவன்தான். பூனை குறுக்கே போனால் திரும்பி வீட்டுக்குப் போவது மாதிரி, தேவையில்லாத பயம். பாப் செய்யும்போது கான்ஃப்ளிக்ட் வந்தால்கூட கிட் அந்த ஸ்டாஷை அழிக்காது. பட்டியலில் அப்படியே இருக்கும். சண்டையைத் தீர்த்து முடித்தபின், நீங்களாக டிராப் (நீக்கு) கட்டளை கொடுத்தால்தான் பட்டியலை விட்டுப் போகும்.