உலாவியின் அப்டேட்டை எங்கே பிடித்து நிறுத்துவது?

குரோமின் செட்டிங்ஸில் எவ்வளவு துழாவினாலும் ‘இனி அப்டேட் வேண்டாம்’ என்று சொல்ல ஒரு பொத்தான் கிடைக்காது. ஃபயர்பாக்ஸில் முன்பு இருந்தது. 2018-இல் வந்த 63-ஆம் பதிப்போடு அதையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அப்டேட்டை நிறுத்த வேண்டிய தேவை பலருக்கு உண்மையாகவே இருக்கிறது. அலுவலகத்தில் வருடக்கணக்காக ஓடும் ஒரு வலைச் செயலி புதுப் பதிப்பில் சரியாகத் திறக்காமல் போகலாம். செலினியம் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியை வைத்து இணையதளங்களைச் சோதிப்பவர்கள் பாடு இன்னும் சிரமம். குரோம் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த எண்ணுக்குத் தாவிவிட்டால், அதை இயக்கும் குரோம்டிரைவர் பொருந்தாமல் காலையில் எல்லாச் சோதனைகளும் தோற்றுக் கிடக்கும்.

நிறுத்துவது ஏன் இவ்வளவு கடினம் என்று புரிய, அப்டேட் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். விண்டோஸில் குரோமைப் புதுப்பிப்பது குரோம் அல்ல. கூடவே நிறுவப்படும் வேறொரு சின்ன நிரல்தான் அதைச் செய்கிறது. உலாவி மூடியிருந்தாலும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் அதை எழுப்பிவிடும். சுமார் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அது சர்வரிடம் போய், “என்னிடம் இந்தப் பதிப்பு இருக்கிறது, புதிது உண்டா?” என்று கேட்கும். இருந்தால் இறக்கி, கோப்பு வழியில் மாறாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்த்து, பழைய பதிப்பின் பக்கத்திலேயே தனி ஃபோல்டரில் புதியதை வைத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் உலாவியைத் தொடாது. நீங்கள் மூடித் திறக்கும்போது பழையதன் இடத்தில் புதியது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இறக்கும் கோப்பின் அளவை எப்படிக் குறைத்தார்கள் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூலநிரலில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால்கூட, அதற்குப் பின்னால் இருக்கும் கட்டளைகள் எல்லாம் சில பைட் தள்ளிப்போகும். அவற்றைச் சுட்டும் முகவரிகள் எல்லாமே மாறும். அதனால் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அப்படியே ஒப்பிட்டால், மாறாத இடங்களும் மாறியது போலத் தெரியும். 2009-இல் கூகுள் பொறியாளர்கள் கூர்ஜெட் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். இயந்திர மொழியை ஓரளவு பிரித்து, முகவரிகளுக்குப் பதிலாகப் பெயர்களை வைத்துவிட்டு, அப்புறம் ஒப்பிடுவதுதான் அதன் உத்தி. முகவரி தள்ளிப்போனாலும் பெயர் மாறாதே! அவர்கள் தந்த ஒரு உதாரணத்தில் முழு அப்டேட் 1,03,85,920 பைட். அதுவரை வழக்கத்தில் இருந்த பிஎஸ்டிஃப் முறையில் வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் 7,04,512 பைட். கூர்ஜெட்டில் வெறும் 78,848 பைட்! அடிக்கடி, சத்தமில்லாமல் அப்டேட் அனுப்புவது இப்படித்தான் கட்டுப்படியானது.

ஃபயர்பாக்ஸ் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எழுத ஒவ்வொரு முறையும் விண்டோஸ் அனுமதி கேட்கும். பலர் ‘நோ’ சொல்லிவிடுவார்கள். 2012-இல் 12-ஆம் பதிப்போடு பின்னணியில் ஓடும் ஒரு பராமரிப்புச் சேவையை, ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா சேர்த்தது. அந்தச் சேவைக்கு எழுதும் உரிமை ஏற்கெனவே இருப்பதால் கேள்வியே வராது. அப்டேட் கோப்பில் மொசில்லாவின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால்தான் அது வேலையைத் தொடங்கும்.

சரி, இதைத் தடுக்க மக்கள் என்ன செய்கிறார்கள்? அப்டேட்டரின் ஃபோல்டரை அழிக்கிறார்கள், பெயரை மாற்றுகிறார்கள், சேவையை முடக்குகிறார்கள். குரோமில் இது நிலைப்பதில்லை. அப்டேட்டர் பழுதானால் அதைச் சரிசெய்வதற்கென்றே ஒரு உறுப்பு உலாவிக்குள் இருக்கிறது. தீம்பொருள்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் அப்டேட்டரில்தான் என்பதால், நீங்கள் செய்ததும் தீம்பொருள் செய்ததும் குரோமுக்கு ஒன்றுதான்.

நிறுத்தியே ஆகவேண்டும் என்றால், தயாரிப்பாளர்களே திறந்து வைத்திருக்கும் கதவு பாலிசிகள், அதாவது உலாவி எப்படி நடக்க வேண்டும் என்று நிர்வாகி எழுதிவைக்கும் விதிகள். ஃபயர்பாக்ஸை நிறுவிய ஃபோல்டருக்குள் டிஸ்ட்ரிபியூஷன் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதில் பாலிசிஸ் என்ற ஜேசான் கோப்பில் அப்டேட்டை முடக்கும் ஒரு வரியை எழுதினால் போதும். 60-ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. குரோமில் இதை விண்டோஸின் குரூப் பாலிசி வழியாகச் செய்யலாம், குறிப்பிட்ட பதிப்பிலேயே நிற்கவும் சொல்லலாம். ஆனால் அது நிறுவனத்தின் டொமைனில் (மையமாக நிர்வகிக்கப்படும் வலையமைப்பில்) இணைந்த கணினிகளுக்கானது. லினக்ஸில் டெபியன் போன்றவை தரும் தொகுப்புகளுக்கு அப்டேட், மென்பொருள்களை நிறுவும் பேக்கேஜ் மேனேஜரின் கையில் இருக்கிறது, அங்கேயே அந்தத் தொகுப்பை நிறுத்திவைக்கலாம். சோதனை செய்பவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. 2023 முதல் ‘குரோம் ஃபார் டெஸ்டிங்’ என்ற தனிப் பதிப்பு கிடைக்கிறது. அது தானாக அப்டேட் ஆகாது.

நிறுத்திய பிறகு என்ன ஆகும்? 2023 செப்டம்பரில் வெப்பி என்ற வடிவில் இருக்கும் படங்களைத் திறக்கும் நிரல் நூலகத்தில் ஒரு ஓட்டை தெரியவந்தது. கெடுநோக்கோடு செய்த ஒரு படத்தை உலாவி காட்டினாலே தாக்குதல் நடக்கக்கூடும் என்ற அளவுக்கு மோசமான ஓட்டை. அதைப் பயன்படுத்தித் தாக்குதலும் நடந்துகொண்டிருந்தது. ஒரே நூலகத்தைப் பயன்படுத்தியதால் குரோம் 11-ஆம் தேதியும் ஃபயர்பாக்ஸ் 12-ஆம் தேதியும் திருத்தம் வெளியிட்டன. அன்று அப்டேட் நின்றிருந்த உலாவிகளில் ஓட்டை அப்படியே இருந்தது. அதைவிட முக்கியமானது, திருத்தம் வெளியானதுமே ஓட்டை எங்கே என்று உலகத்துக்கே தெரிந்துவிடுகிறது. குரோமுக்கு அடிப்படையான குரோமியம் திறந்த மூலநிரல் என்பதால், திருத்தம் பயனரை அடையும் முன்பே நிரலில் அதைப் பார்த்துவிடலாம். இந்த இடைவெளி ஒருகாலத்தில் சுமார் 35 நாள். 77-ஆம் பதிப்புக்குப் பிறகு அதை 15 நாளளவுக்குக் குறைத்தார்கள். 2023 ஆகஸ்டில், 116-ஆம் பதிப்பிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்கள் வாரந்தோறும் வரத் தொடங்கின.

அப்டேட்டை நிறுத்தினால் உலாவி இருந்தபடியே இருக்கும் என்று நினைப்பதும் தவறு. ஃபயர்பாக்ஸ் நீட்சிகளின் (எக்ஸ்டென்ஷன்களின்) கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஒரு மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14 அன்று காலாவதியானது. 128-க்கு முந்தைய பதிப்புகளில் (நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115 இஎஸ்ஆரின் பிந்தைய திருத்தங்களைத் தவிர) நீட்சிகள் முடங்கும் என்று மொசில்லா முன்பே எச்சரித்தது. பயனர் எதையும் தொடவில்லை, நாள்காட்டி நகர்ந்தது, அவ்வளவுதான்.

என் கருத்தில் பெரும்பாலானோர் தடுக்க விரும்புவது அப்டேட்டை அல்ல, மாற்றத்தை. பட்டன் இடம் மாறுவதும் பழகிய வசதி காணாமல் போவதும்தான் அவர்களுக்குத் தொல்லை. பாதுகாப்புத் திருத்தம் வேண்டாம் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டி அனுப்புவதால்தான் இந்தச் சண்டையே வருகிறது, அந்தக் குறை தயாரிப்பாளர்களுடையது. இதற்கு இருக்கும் விடைகளில் நல்லது ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆர். 2012-இல் நிறுவனங்களுக்காகத் தொடங்கினாலும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும், புது வசதிகள் சுமார் ஒரு வருடத்துக்கு வராது. 102, 115, 128, 140 என்று தாவித் தாவித்தான் அடிப்படை எண் மாறும். குரோமிலும் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும் நீட்டித்த பதிப்பு உண்டு, அது நிறுவனங்களுக்கானது.

இஎஸ்ஆருக்கு மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான ஃபயர்பாக்ஸின் எண் பெரும்பாலும் இஎஸ்ஆரைவிட அதிகமாக இருக்கும், ஆகவே நீங்கள் பின்னோக்கிப் போகிறீர்கள். புதுப் பதிப்பு திறந்தபோதே உங்கள் புரொஃபைலில் (புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் சேமிக்கப்படும் ஃபோல்டரில்) இருக்கும் தரவுத்தளங்களின் அமைப்பை மாற்றியிருக்கும், பழைய நிரலுக்கு அந்த அமைப்பு புரியாது. அதனால்தான் 67-ஆம் பதிப்பிலிருந்து, புதியதில் பயன்படுத்திய புரொஃபைலைப் பழையதில் திறக்கப் போனால் ஃபயர்பாக்ஸ் தடுத்து, புது புரொஃபைல் உருவாக்கச் சொல்கிறது. அப்படியே உருவாக்கிவிடுங்கள். அதற்கு முன்பே பழைய உலாவியில் சிங்க் (தரவை இணையத்தில் ஏற்றிவைக்கும் வசதி) கணக்கில் நுழைந்து எல்லாம் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டால், புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் புது புரொஃபைலுக்கு வந்துவிடும்.