ஞாயிற்றுக்கிழமையும் பிரசவ வார்டு திறந்திருக்கும்

சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே ஓர் இளைஞர், பித்தளைத் தட்டில் நல்லெண்ணெய் ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மூச்சுக் கருவியில் இருந்த குழந்தைக்கு அவர் தாய்மாமன். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது, முதலில் எண்ணெயில்தான் முகம் பார்க்க வேண்டும் என்று காசிமேட்டு வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "ரெண்டே நிமிஷம் மேடம், பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். பாவம், அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வயிற்றில் அசைவு எப்போது குறைந்தது என்று கேட்டபோது வந்த பதிலில்தான் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரியாம்.

ஆஸ்பத்திரிக்கு வந்தது திங்கள் காலை. "மாசம் நிறைஞ்சிடுச்சு, பொரள எடம் இல்ல, அதான் அடங்கிக் கெடக்கு" என்று மாமியார் சமாதானம் சொல்லியிருக்கிறார். போன வாரம் எடுத்த ஸ்கேன் நார்மல். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. இருக்காதே! உடனே ஆபரேஷன் செய்தார்கள். குழந்தை உள்ளேயே மலம் கழித்திருந்ததால் பனிக்குட நீர் கீரை கடைந்தது போல வந்தது. குழந்தை அழவில்லை, மூச்சும் விடவில்லை. பத்து நிமிடம், கையால் அமுக்கும் காற்றுப் பை வைத்து மூச்சு கொடுத்த பிறகுதான் தானாக ஒரு முனகல். ராத்திரி பாட்டி கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "கொயந்த சைக்கிள் ஓட்டறான் பாரு டாக்டரம்மா" என்று சந்தோஷமாகச் சொன்னார். அது வலிப்பு. பிறந்த குழந்தைக்கு வலிப்பு பெரியவர்களுக்கு வருவது போல வராது. கால் மிதிக்கும், வாய் சப்புக்கொட்டும், கண் ஓரிடத்தில் நிலைகுத்தி நிற்கும். ஆக்சிஜன் கிடைக்காமல் அடிபட்ட மூளை அப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

சரி, இந்தக் கொடி விஷயத்தை ஒருமுறை முழுதாகப் பேசிவிடலாம். ஏனென்றால் ஒவ்வொரு குடும்பமும் முதலில் கேட்பது இதைத்தான்: "கழுத்துல மாலை சுத்தியிருந்துச்சா மேடம்?" சுற்றியிருந்தது. ஏறக்குறைய நான்கைந்து பிரசவத்தில் ஒன்றில் சுற்றியிருக்கும். தலை வெளியே வந்ததும் நர்ஸ் ஒரு விரலை விட்டு, மாலையைக் கழற்றுவது போலக் கழற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை மூக்கால் மூச்சு விடுவதில்லை. அதற்கு ஆக்சிஜன் நஞ்சுக்கொடியிலிருந்து தொப்புள்கொடி வழியாகத்தான் போகிறது. ஆகவே தூக்குக் கயிறு மாதிரி கழுத்து நெரிந்து மூச்சு நிற்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. கொடிக்குள் இருக்கும் ரத்தக்குழாய்களைச் சுற்றி வழவழவென்று ஜெல்லி போன்ற ஒரு பொருளும் உண்டு, லேசில் நசுங்காது. கொடி எப்போதாவது இறுகி ரத்த ஓட்டம் குறைவது உண்டுதான். அப்படிக் குறைந்தாலும் அது வெளியே தெரிவது இதயத் துடிப்பிலும் அசைவிலும். நிஜமாகவே பயப்பட வேண்டிய கொடி வேறு: பனிக்குடம் உடைந்ததும் குழந்தைக்கு முன்னால் கீழே நழுவி வருமே, அது. அப்போது எண்ணுவது நிமிடக் கணக்கு. ஸ்கேனில் "கொடி ஒரு சுற்று" என்று எழுதியிருந்தால் ராத்திரியெல்லாம் தூங்காத குடும்பம், அசைவு இரண்டு நாள் நின்றால் நிம்மதியாகத் தூங்குகிறது. இதை எங்கே போய்ச் சொல்வது?

கடைசி மாதத்தில் அசைவின் விதம் மாறும். உதை குறைந்து, புரள்வதும் நெளிவதும் கூடும். எண்ணிக்கை குறையக் கூடாது. இடமில்லாததால் அடங்குகிறது என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் தப்பு. ஆக்சிஜன் குறையும்போது குழந்தை அசைவைக் குறைத்துத்தான் சமாளிக்கிறது, நாம் கஞ்சி கொஞ்சமாக இருக்கும் நாளில் வேலையைக் குறைத்துக்கொண்டு படுத்துக் கிடப்போமே, அப்படி.

சந்தேகமாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கமாகப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு இல்லையென்றால் கிளம்புங்கள். பத்து இருந்தும் வழக்கத்தைவிட மந்தமாகத் தோன்றினாலும் கிளம்புங்கள். ஜூஸ் குடித்துப் பார், ஐஸ் தண்ணீர் குடித்துப் பார் என்று அரை நாளை ஓட்டாதீர்கள். போன வார ஸ்கேன் போன வாரத்துக்குத்தான். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு ஞாயிறு லீவும் கிடையாது, தீபாவளி லீவும் கிடையாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டுவிட்டால், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைகட்டி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நம் வடசென்னை ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராகு காலம் முடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கள் ஆட்களையும் சொல்ல வேண்டும். "வலி ஊசி போட்டுச் சீக்கிரம் முடிச்சு விடுங்க" என்று, பிரசவ வலியை வரவைக்கும் ஊசிக்காகக் குடும்பம் நெருக்குகிறது, சில இடங்களில் சரியாகக் கண்காணிக்காமல் போட்டும் விடுகிறார்கள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில்தான் குழந்தைக்கு ரத்தம் நன்றாகப் போகும். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் அந்த இடைவெளி எங்கே? ஊசி போட்டால் இதயத் துடிப்பை யார், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பிறந்த முதல் நிமிடத்திலேயே பை வைத்து மூச்சு கொடுக்கத் தெரிந்தவர் பிரசவ அறையில் இருப்பாரா என்றும் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். தப்பாக நினைத்தால் நினைக்கட்டும்.

இப்படி ஆக்சிஜன் கிடைக்காமல் பிறந்த குழந்தையின் உடம்பைக் குளிர்விக்கும் சிகிச்சை பற்றி வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு வருகிறார்கள். உண்டு. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 72 மணி நேரம் உடல் வெப்பத்தை 33–34 டிகிரி செல்சியஸில் வைப்பது. பணக்கார நாடுகளில் பலன் தந்த இந்த முறையை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் பரிசோதித்தார்கள். 2021-ல் வந்த அதன் முடிவில் குளிர்வித்த குழந்தைகளில்தான் இறப்பு அதிகம். யாருக்குச் செய்யலாம் என்று மருத்துவர்களான நாங்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து யாரும் வீட்டில் ஈரத்துணி சுற்ற வேண்டாம்.

மூளை அடிபட்ட குழந்தை வீட்டுக்குப் போன பிறகு இன்னொரு சமாதானம் காத்திருக்கும்: "எங்க அண்ணன் பையன்கூட லேட்டாத்தான் நடந்தான்." நான்கு மாதத்தில் தலை நிற்கவில்லையா, கட்டைவிரலை உள்ளே மடக்கி எந்நேரமும் முஷ்டி பிடித்தபடி இருக்கிறதா, காட்டுங்கள். ஒரு வயது வரை பொறுத்திருந்து வந்தால், பயிற்சியால் நிறையப் பெறக்கூடிய மாதங்கள் போய்விட்டிருக்கும். அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலைப் பயிற்சிக்குக் காசு கேட்பதில்லை.

அந்தக் குழந்தைக்கு இப்போது மூன்று மாதம். வியாழன்தோறும் பயிற்சிக்கு வருகிறது. வலது கட்டைவிரல் இன்னும் உள்ளேதான் மடங்கியிருக்கிறது, இடதுகை போன வாரம் கொஞ்சம் திறந்தது. தூக்கிக்கொண்டு வருவது மாமன்தான்.