நெகட்டிவை முகர்ந்து பாருங்கள்

ஃபிலிமை டெவலப் செய்வதைக் ‘கழுவுவது’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நாற்பது ஆண்டுகளாகக் கறுப்பு வெள்ளைப் படங்களோடு இருட்டறையில் கிடந்தவன் சொல்கிறேன்: அந்தக் கழுவுதலைத்தான் எங்களில் பலர் ஒழுங்காகச் செய்யவில்லை. சிவப்பு விளக்கின் கீழே வெறும் தாளில் ஒரு முகம் எழுந்துவருவதைப் பார்த்த கிறக்கத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். அதற்குப் பிறகு வரும் ஹைப்போவும் தண்ணீரும் எனக்கு அப்போது வெறும் தொல்லை.

ஒளி படாமல் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து அகற்றுவது ஹைப்போ. அதன் இந்தக் குணத்தை ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டுவிட்டார். புகைப்படத்துக்கு அது உதவியது 1839இல். வேலை முடிந்ததும் அது தாளை விட்டு வெளியேறிவிட வேண்டும். தங்கினால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைத் தின்னத் தொடங்கும். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் தாளை ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் அலச வேண்டும். அவசரத்தில் நான் பத்தே நிமிடத்தில் எடுத்துக் காயப்போட்ட கல்யாணப் படங்கள், இப்போது பழுப்பேறி என் மேசைக்கே திரும்பி வருகின்றன. சரிசெய்து கொடுக்கக் கூலி கேட்க வாய் வருவதில்லை.

ஒழுங்காகக் கழுவிய கறுப்பு வெள்ளைப் படம், அதாவது வெள்ளியாலான படம், வண்ணப் படத்தைவிட நெடுநாள் நிற்கும். ஆனால், படம் நின்றாலும் அதைத் தாங்கும் ஃபிலிம் நிற்க வேண்டுமே!

சென்ற மாதம் ஒரு பெண்மணி தகர டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறியது. பழைய மருந்து எதுவோ கொட்டிவிட்டது என்று நினைத்திருக்கிறார். அது அவருடைய அப்பா எடுத்த, அசிடேட் என்ற பிளாஸ்டிக்காலான நெகட்டிவ்கள் சிதையும் வாசனை. சில பட்டைகள் அலையலையாகச் சுருங்கியிருந்தன. வெளியேறும் அமில ஆவியே சிதைவை விரைவுபடுத்தும். பக்கத்திலுள்ள நல்ல ஃபிலிமையும் தொற்றும். பத்திரமாக இருக்கட்டும் என்று இறுக மூடிய டப்பாவே ஆவியை உள்ளே தேக்கிவிட்டது. இதை மீட்க வழியில்லை. குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்துத் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். நெடி வந்தால் உடனே பிரித்து வையுங்கள், ஸ்கேன் செய்யுங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய ஃபிலிம் நைட்ரேட் என்ற இன்னொரு வகையாகவும் இருக்கக்கூடும். அது எளிதில் தீப்பற்றும். வீட்டில் வைத்துச் சோதிக்காமல் ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள்.

ஸ்கேனரில் தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வெள்ளி அகச்சிவப்பைத் தடுப்பதால், படத்தையே தூசியென்று எண்ணி அது அழிக்கும். அப்படிக் கண்ணிமைகள் கரைந்துபோன முகங்களைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவும் வேண்டாம். படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம்.

வீட்டில் அப்பாவின் படமே இல்லை என்று அந்தப் பெண்மணி சொன்னார். கேமரா எப்போதும் அவர் கையில்தானே! ஒரு பட்டையில், மணலில் உட்கார்ந்திருக்கும் இரண்டு குழந்தைகளை நோக்கி நீண்ட நிழல் விழுந்திருந்தது, முழங்கைகள் இரண்டும் மடங்கியபடி. அதைத்தான் முதலில் பெரிதாக்கினேன். மற்றவற்றைக் காகித உறைகளில் தனித்தனியாகப் போட்டுக் கொடுத்தேன். டப்பாவை மட்டும் திருப்பித் தரவில்லை.