ஸ்கோர் ஏறவில்லை என்று துப்பாக்கி சுடுதலை விட்டுவிடுவதற்கு முன்னால்

பாளையங்கோட்டையில் 10 மீட்டர் ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் கற்றுத்தரும் பயிற்றுநரான என்னிடம், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் சமயத்தில் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், ரெண்டு வருசமா வாரான், ஸ்கோரு அப்படியே நிக்கி. இவனுக்கு இது வருமா, இல்ல விட்டுரலாமா?" அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் பிள்ளையோடு பஸ் ஏறி வந்து, பயிற்சி முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் கேட்கிற கேள்வி இது. அவர்கள் கேட்பது முற்றிலும் நியாயம். ஆனால் ஸ்கோர் ஏன் நின்றது, எந்த இடத்தில் நின்றது என்று பார்க்காமலேயே தொடர்வதா விடுவதா என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

இந்த விளையாட்டில் முன்னேற்றம் எவ்வளவு சிறிய அளவுகளில் நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏர் ரைபிள் இலக்கின் நடுவில் இருக்கும் புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர், அதில் சுடும் சிறு ஈயக் குண்டான பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். பெல்லட் அந்தப் புள்ளியின் விளிம்பைத் தொட்டுவிட்டாலே 10.0 கிடைக்கும், அதிலிருந்து மையத்தை நோக்கி ஒவ்வொரு 0.25 மில்லிமீட்டர் நெருங்கும்போதும் 0.1 கூடி, 10.9 வரை போகும். 60 ஷாட்டுக்கு உச்ச மதிப்பெண் 654. புதிதாக வரும் பிள்ளை 7, 8 வளையங்களில் சுட்டுக்கொண்டிருந்து, கால் நிற்கும் விதமும் தோளில் துப்பாக்கி பதியும் விதமும் சரியானவுடன் 9-க்கு வந்துவிடும். அதற்குச் சில மாதங்களே போதும் என்பதால் பெற்றோருக்கு மகிழ்ச்சி, பிள்ளைக்கும் உற்சாகம். அதே பிள்ளையின் சராசரி 9.5-லிருந்து 9.8-க்குப் போக வேண்டுமென்றால், அதாவது மொத்த ஸ்கோர் 570-லிருந்து 588 ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு ஷாட்டும் சராசரியாக 0.75 மில்லிமீட்டர் மையத்துக்குள் நகர வேண்டும். 10 மீட்டர் தூரத்தில் விழுகிற அந்த வித்தியாசத்துக்குத் துப்பாக்கியின் முனையில் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் அளவு அசைவே காரணமாகிவிடும். முதல் ஆண்டில் கண்ட வேகத்தை இரண்டாம் ஆண்டிலும் எதிர்பார்க்கிறவர்கள் ஏமாற்றம் அடைவது இதனால்தான்.

எனவே யார் வந்து கேட்டாலும் நான் ஸ்கோரைக் கேட்பதில்லை. சுட்ட இலக்கு அட்டைகளை எடுத்து வரச் சொல்வேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஏர் பிஸ்டல் பழகுகிறவள், விட்டுவிடப்போவதாகத் தந்தையோடு வந்து நின்றபோது அவளுடைய கடைசிப் போட்டியின் அட்டைகளைப் பத்துப் பத்து ஷாட்டாக வரிசைப்படுத்தி மேசையில் பரப்பினோம். முதல் நாற்பதும் 9 வளையத்தை ஒட்டியே நெருக்கமாக விழுந்திருந்தன. ஐந்தாவது பத்தில் குரூப், அதாவது ஷாட்கள் சேர்ந்து விழும் பரப்பு, அகன்றிருந்தது. ஆறாவது பத்தில் பாதிக்கு மேற்பட்டவை இடதுபுறம் கீழே, 7-க்கும் 6-க்கும் இறங்கியிருந்தன. வலது கையால் சுடுகிறவருக்கு இடது கீழ்ப் பக்கமாக ஷாட் இறங்கினால் டிரிக்கரை மெல்ல அழுத்தாமல் வெடுக்கென்று இழுக்கிறார் என்பதே பெரும்பாலும் பொருள். எவ்வளவு நேரத்தில் முடித்தாய் என்று கேட்டேன். போட்டிக்குத் தரப்படும் நேரத்தில் பாதியிலேயே அவள் முடித்திருந்தாள். பக்கத்து லேனில் சுடுகிறவர்கள் முடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் பதற்றம் வந்துவிடும் என்றாள். பிஸ்டலை ஒரே கையால் நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும்; ஏறத்தாழ ஒரு கிலோ எடையை இடைவெளி விடாமல் அறுபது முறை தூக்கினால் எந்தக் கையும் தளரத்தான் செய்யும். அவளுக்குக் குறை இருந்தது குறிபார்ப்பதில் இல்லை. குறி கூடிவராதபோது பிஸ்டலைக் கீழே இறக்கி, மூச்சுவிட்டு, மறுபடி தூக்கும் பழக்கம் அவளிடம் இல்லை. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவரத் தொடங்கிய முதல் மாதம் ஸ்கோர் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அப்போதும் தந்தை பொறுமையாக இருந்தார் என்பதை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். பிறகு கடைசி இருபது ஷாட்டும் முதல் இருபதைப் போலவே விழத் தொடங்கின.

அட்டை பேசாத காரணங்களும் உண்டு. பதின்மூன்று வயதிலிருந்து பதினாறு வயதுக்குள் பிள்ளைகள் மளமளவென்று வளர்கிறார்கள். போன வருடம் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருத்தி வைத்த ரைபிள் இந்த வருடம் பொருந்தாது. தோளில் பதியும் பின்தட்டையும் கன்னம் பதியும் கட்டையையும் உயரத்துக்கேற்ப மாற்றி அமைக்காமல் விட்டால், பிள்ளை தன் கழுத்தை வளைத்து ரைபிளுக்கு ஏற்றபடி நிற்கத் தொடங்கும். ஸ்கோர் நிற்கும், முதுகும் வலிக்கும். கண்ணும் அப்படியே. இந்த வயதில் பல பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை கூடிக்கொண்டே போகிறது. கண்ணாடி போட்டிருக்கும் பிள்ளை, ரைபிளில் தலையைச் சாய்க்கும்போது லென்ஸின் நடுப்பகுதி வழியாகப் பார்க்காமல் ஓரத்தின் வழியாகப் பார்க்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை செய்யாமல் எந்தப் பிள்ளையையும் "தேறாது" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வலது கைப் பழக்கமும் இடது கண் ஆதிக்கமும் சேர்ந்து வருகிற பிள்ளைகள் இன்னொரு வகை. இரண்டு கண்ணையும் திறந்தபடி தூரத்தில் இருக்கும் ஒரு பொருளைக் கட்டைவிரலால் மறைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் எந்தக் கண் ஆதிக்கம் செலுத்துகிறது என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். சிலருக்கு இடது கண்ணை மறைக்கும் சிறு தடுப்பு போதும். சிலர் தோளையே மாற்ற வேண்டியிருக்கும். தோளை மாற்றுவது என்றால் மீண்டும் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குவது என்று பயப்படுகிறவர்களுக்கு ஹங்கேரியின் கரோலி தகாச்சைப் பற்றிச் சொல்வேன். 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலது கை சிதைந்த அந்த ராணுவ வீரர், இடது கையால் சுடப் பழகி, 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் அடுத்தடுத்து வேகமாகச் சுடும் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வென்றார்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கெட்டித் துணியும் தோலும் வைத்துத் தைத்த ரைபிள் ஜாக்கெட்டையும் கால்சட்டையையும் போட்டுக்கொண்டு, கத்திரி வெயில் காலத்து மாலை மூன்று மணிக்குத் தகரக் கூரைக்கடியில் நிற்கிற பிள்ளைக்கு நாடி ஏறும், வியர்வை கண்ணில் இறங்கும். ஏப்ரல், மே ஸ்கோரை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அந்த மாதங்களில் அதிகாலைப் பயிற்சியும், வீட்டில் பெல்லட் இல்லாமல் செய்யும் டிரை பயிற்சியுமே பலன் தரும். வீட்டுப் பயிற்சி பயிற்றுநர் கற்றுத்தந்த முறையில்தான் நடக்க வேண்டும்; துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்து, முனையை வெற்றுச் சுவரை நோக்கி மட்டுமே வைத்து, பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்ய வேண்டும். ஸ்கோர் நின்றுவிட்ட பிள்ளைகளில் பலர் வாரத்தில் இரண்டு நாள் வந்து பெல்லட்டை மட்டும் சுட்டுவிட்டுப் போகிறவர்கள். வெறும் டிரிக்கரை நாள்தோறும் அரை மணி நேரம் அழுத்திப் பழகுகிறவர்கள் அல்லர்.

இனிப் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்களில் முடிவெடுப்பது அதுதான். லட்சங்களில் விலை போகும் வெளிநாட்டு ரைபிளை, பிள்ளை பயிற்சியில் சேர்ந்த ஆறே மாதத்தில் வாங்கிக்கொடுத்துவிட்டு, "இவ்வளவு போட்டாச்சு, இனிமே எப்படி விட?" என்று கேட்கிற தந்தையிடம் நான் சொல்வது, "அண்ணாச்சி, போட்ட காசு போட்டதுதான், அதுக்காகப் பிள்ளை இன்னும் ரெண்டு வருசத்தப் போடணுமான்னு யோசிங்க" என்பதே. பயிற்சி மையத்தின் துப்பாக்கியில் ஓராண்டாவது சுட்டுப் பார்க்காமல் சொந்தத் துப்பாக்கி வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்ற ஒரே எண்ணத்தில் சேர்ப்பவர்களுக்கும் இதே பதில்தான். இடம் கிடைக்கலாம். ஆனால் பிளஸ் டூ முடிவதற்குள் தேசிய அளவுக்கு வர வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டு பிள்ளையை லேனில் நிறுத்தினால், அது ஒவ்வொரு ஷாட்டிலும் கல்லூரியைத்தான் பார்க்கும், துப்பாக்கி முனையில் குறிபார்க்க இருக்கும் முன் சைட்டைப் பார்க்காது.

சாதித்தவர்களை எடுத்துக்காட்டுவதிலும் கவனம் தேவை. டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி, இறுதிச் சுற்றுக்கு வர முடியாமல் போன மனு பாக்கர், 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றதை எல்லாரும் சொல்கிறார்கள். 2012 முதலே சர்வதேசப் போட்டிகளில் சுட்டுவந்த ஸ்வப்னில் குசாலேவுக்கு முதல் ஒலிம்பிக் கிடைத்தது பாரிஸில்தான். அங்கே மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். இவை மனத்துக்குத் தெம்பு தருகிற வரலாறுகள், ஐயமில்லை. ஆனால் இவர்கள் காத்திருந்தது நாட்டின் உச்சத்தில் நின்றுகொண்டு. மாவட்டப் போட்டியில் தடுமாறுகிற பிள்ளையிடம் இவர்களைக் காட்டிப் "பொறு, பொறு" என்று சொல்வது அந்தப் பிள்ளைக்குத் தேவையான பதிலாகாது. அதற்குத் தேவை அதனுடைய போன வருட அட்டையும் இந்த வருட அட்டையும்.

விட்டுவிடுவதே சரி என்று நான் சொன்ன பிள்ளைகளும் இருக்கிறார்கள். உபகரணமும் கண்ணும் சரியாக இருந்து, டிரை பயிற்சியும் ஒழுங்காக நடந்து, ஒரு முழுப் பருவத்துக்கு அப்புறமும் குரூப் சுருங்கவில்லை என்றால் முதலில் பிரிவை மாற்றிப் பார்க்கச் சொல்வேன். ரைபிளில் அசையாமல் நிற்பதற்குச் சலித்துக்கொள்கிற பிள்ளை பிஸ்டலில் துளிர்ப்பதுண்டு. பிஸ்டலில் கை நடுங்குகிற பிள்ளை, இறுகிய ஜாக்கெட் தருகிற பிடிப்பில் ரைபிளோடு அமைதியாவதும் உண்டு. அப்படி மாற்றியும் மனம் ஒட்டாமல், பயிற்சி நாளன்று வயிற்றுவலி, தலைவலி என்று காரணம் தேடுகிற பிள்ளையையும், போட்டிக்கு முந்தைய பல இரவுகள் தூங்காத பிள்ளையையும், முதுகுவலியை மறைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளையையும் தொடரச் சொல்லக் கூடாது. வீட்டில் கடன் வாங்கிப் பெல்லட் வாங்குகிற நிலை வந்தாலும் அப்படியே. ஸ்கோர் நின்றுபோயிருந்தும் வீட்டில் தானாகவே டிரை பயிற்சி செய்து, இன்றைக்கு எந்த ஷாட் ஏன் விலகியது என்று நோட்டில் எழுதி வைக்கிற பிள்ளையை நிறுத்தாதீர்கள். மாவட்டப் பதக்கமே வராமல் போனாலும் நிறுத்தாதீர்கள்.

முடிவைப் போட்டி முடிந்த அன்றைக்கு, காரிலோ பஸ்ஸிலோ திரும்பி வருகிற வழியில் எடுக்க வேண்டாம். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னாலும் வேண்டாம். ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, அதுவரை அட்டைகளைத் தேதி எழுதிச் சேர்த்து வைத்து, அந்த நாளில் பிள்ளை தனியாகப் பயிற்றுநரிடமும், பிறகு நீங்கள் பிள்ளையிடமும் பேசுங்கள். விடுவதென்று முடிவானால் வரும் போட்டிக்குக் கொடுத்த பெயரை முறையாகத் திரும்பப் பெற்று, சான்றிதழ்களை வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டு, சிறியதாகிப்போன ஜாக்கெட்டையும் காலணியையும் பற்றிப் பயிற்சி மையத்தில் சொல்லி வையுங்கள்; புதிதாகச் சேருகிறவர்களில் அந்த அளவுக்குக் காத்திருக்கும் பிள்ளை யாராவது இருக்கும்.